ரெண்டு வரி இடம் மாறியதில் ஓடிப்போன கல்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன வாரம் போனில், "கருந்துளையைச் சுற்றி ஒரு சின்னப் பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட விடுகிறேன்மா, அவ்வளவுதான் என் வேலை" என்றாயே, அவ்வளவுதானா, நாமும் பார்ப்போமே என்று உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷம் கணக்கு நடத்தியவள், யூடியூபில் பார்த்துப் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன், நீ விட்டுப்போன பழைய லேப்டாப் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

முதலில் நியூட்டன் சூத்திரம். சின்னப் பொருளை ஒரு கல் என்று வைத்துக்கொண்டேன். கல் எங்கே இருக்கிறது, ஈர்ப்பு எவ்வளவு இழுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்து எங்கே இருக்கும், மறுபடியும் அதே. வட்டமாகச் சுற்ற வேண்டிய கல் விலகி விலகித் திரையை விட்டே ஓடிவிட்டது! இழுக்க வேண்டியது தள்ளுகிறதே என்று ராத்திரி பதினோரு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டேன், அப்பா ரெண்டு தடவை வந்து லைட்டை அணைக்கவா என்று கேட்டார். கடைசியில் பார்த்தால், இழுப்பைக் கணக்கிட்டதும் இடத்தை நகர்த்திவிட்டு அப்புறம் வேகத்தை மாற்றியிருக்கிறேன். அந்த ரெண்டு வரியை இடம் மாற்றினேன், வேகம் முதலில், இடம் பிறகு. கல் ஒழுங்காகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதுவரை ஒவ்வொரு அடியிலும் இல்லாத ஆற்றல் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது.

அப்புறம் நியூட்டன் சூத்திரத்தையே கருந்துளைக்கு ஏற்றபடி மாற்ற, பச்சின்ஸ்கி, விட்டா என்ற ரெண்டு விஞ்ஞானிகள் 1980இல் சொன்ன குறுக்குவழி. தூரத்திலிருந்து ஷ்வார்ட்ஷில்ட் ஆரத்தை, அதாவது உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லையின் ஆரத்தை, கழித்துவிட்டுச் சூத்திரத்தில் போட வேண்டும், அவ்வளவே. (ஷ்வார்ட்ஷில்ட் 1916இல் இறந்தது நீ இப்போது இருக்கும் போட்ஸ்டாமில்தானாம், தெரியுமா?) போட்டதும் நீள்வட்டம் மூடவே மாட்டேன் என்கிறது. சின்ன வயதில் பல்சக்கர ஸ்கேலில் பேனாவை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பூ போடுவாயே, அதே பூ. அந்த ஆரத்தைப்போல மூன்று மடங்குக்கு வெளியே வட்டமாகச் சுற்றும் கல்லை லேசாகத் தட்டினால் ஆடிக்கொண்டே சுற்றுகிறது; அதற்கு உள்ளே விட்டு உட்பக்கமாகத் தட்டினால் போயே போச்சு.

நம் பால்வெளி நடுவில் இருக்கும் கருந்துளைக்கும் போட்டுப் பார்த்தேன். 43 லட்சம் சூரிய நிறை, சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால் அந்த மூன்று மடங்கு தூரம் சுமார் 3.8 கோடி கி.மீ., புதனுக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்கூட இல்லை. அந்தக் கருந்துளையை 16 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் எஸ்2 நட்சத்திரத்தின் பாதையும் இப்படித்தான் திரும்புகிறது, ஒரு சுற்றுக்கு 0.2 டிகிரிதான், அதையும் அளந்து 2020இல் சொல்லிவிட்டார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் கல்லுக்கு நிறை என்று எதுவும் கிடையாது, எப்படி ஓடினாலும் கேட்க ஆளில்லை. உன் கல்லே பத்து சூரிய நிறையுள்ள இன்னொரு கருந்துளை, ஈர்ப்பலையாக ஆற்றலை இழந்து இழந்து ஒரு லட்சம் சுற்றாவது சுற்றி இறங்கும், கடைசி வரை கணக்கு பிசகக் கூடாது. இல்லாவிட்டால் 25 லட்சம் கி.மீ. இடைவெளியில் பறக்கப்போகும் லிசா என்கிற ஈர்ப்பலை பிடிக்கும் விண்கலங்கள் அந்த அலையை எதோடு ஒப்பிட்டு அடையாளம் காணும்? நாலைந்து சுற்றிலேயே கோட்டைவிட்ட நான், இதற்கா இத்தனை வருஷம் என்று உன்னிடம் கேட்டிருக்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன், சாமி.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. வரியை மாற்றிய பிறகும் ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் ஏறியபடியே போகவில்லை. ஏன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லு. லேப்டாப் சூடாகிறது என்று அடியில் ரெண்டு தீப்பெட்டி வைத்திருக்கிறேன், அது போதுமா என்றும் சொல்லு.

அம்மா