இந்த ஆண்டுச் சுற்றுலாவை ஏவ்பரிக்கு வையுங்கள்: தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனிலும் ரெடிங், ஸ்லவ் பக்கங்களிலும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

கோடைத் தவணை தொடங்கியதும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேட ஆரம்பிப்பீர்கள். பெரும்பாலும் அது ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவில்தான் முடியும். பிள்ளைகள் அங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஒரே ஒரு வருடம் அந்த கோச்சை எம்4 சாலையில் மேற்கே விட்டு, வில்ட்ஷயரில் இருக்கும் ஏவ்பரி என்ற கிராமத்துக்கு அனுப்புங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். என் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அங்கே என்ன இருக்கு, வெறும் கல்லுதானே" என்று ஒரே நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அந்த நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

ஆமாம், கல்தான். ஆனால் உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் அது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான சுற்றளவில் பெரிய மண்கரை, அதன் உட்பக்கம் அகழி, அகழிக்குள் வட்டமாகக் கற்கள், அந்த வட்டத்துக்குள் இன்னும் இரண்டு சிறிய வட்டங்கள். கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில் பல கட்டங்களாகக் கட்டப்பட்டது. வெளிவட்டத்தில் மட்டும் ஆதியில் நூறு கற்கள் வரை நின்றிருக்கின்றன. அகழி அப்போது சுமார் ஒன்பது மீட்டர் ஆழம். அதைத் தோண்டியவர்களிடம் இரும்பு கிடையாது. மான்கொம்பைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கொத்தி எடுத்திருக்கிறார்கள். புல் மூடாத அந்த நாளில் கரை முழுவதும் வெள்ளை வெளேரென்று இருந்திருக்கும்.

இதைவிட விசேஷம், ஊரும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருப்பதுதான். வீடுகள் இருக்கின்றன, ரெட் லயன் என்ற பழைய மதுக்கடை இருக்கிறது, நடுவிலேயே ஏ4361 சாலை போகிறது. வடக்கு வாசல் பக்கம், சாலையை ஒட்டி நிற்கும் ஒரு கல்லை ஸ்விண்டன் கல் என்கிறார்கள். எடை சுமார் 60 டன். மற்ற கற்கள் பல விழுந்தும் புதைந்தும் போயிருக்க, இது நட்ட நாளிலிருந்து விழவே இல்லை. பக்கத்தில் போய்க் கையை வையுங்கள். சார்சன் என்னும் கடினமான மணற்கல் அது. உளி படாத கல். மேலெல்லாம் சாம்பலும் மஞ்சளுமாகப் பாசி படர்ந்திருக்கும். இங்குள்ள கற்களில் ஆங்காங்கே பிள்ளைகளின் கை நுழையும் அளவுக்குத் துளைகள் இருக்கும். ஆடுகள் வந்து உரசிய இடங்களில் கம்பளி இழை ஒட்டியிருக்கும். ஸ்டோன்ஹெஞ்சில் சாதாரண நேரத்தில் கற்களுக்கு நடுவே போக விடமாட்டார்கள். பாதையில் நின்று தள்ளியிருந்தே பார்க்க வேண்டும். இங்கே கயிறு இல்லை, வேலி இல்லை. கல்வட்டத்தைப் பார்க்க நுழைவுக் கட்டணமும் இல்லை. வண்டி நிறுத்தவும், அருங்காட்சியகம் போன்ற சில இடங்களுக்கும்தான் காசு.

பிள்ளைகளுக்குச் சொல்ல இங்கே கதை நிறைய இருக்கிறது. எனக்கு மனதில் நிற்பது கற்களை அழித்த கதைதான். 14ஆம் நூற்றாண்டில் ஊர்க்காரர்கள் குழி தோண்டிக் கற்களைச் சாய்த்துப் புதைத்தார்கள். 1938ல் அப்படிப் புதைந்த ஒரு கல்லைத் தூக்கியபோது, அடியில் ஒரு மனிதனின் எலும்புக்கூடு கிடந்தது. கூடவே ஒரு கத்தரிக்கோல், சில வெள்ளிக் காசுகள். நாவிதராகவோ வைத்தியராகவோ இருந்திருப்பார் என்று நினைத்தார்கள். கல் சரிந்து நசுங்கிச் செத்தார் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். பிறகு எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது அது அவ்வளவு நிச்சயமில்லை என்று ஆகிவிட்டது. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். ஒரு விடை மாறுவதை நேரில் கேட்பது அவர்களுக்கு நல்லது.

18ஆம் நூற்றாண்டில் புதைப்பதோடு நிற்கவில்லை, உடைக்கவே தொடங்கினார்கள். கல்லுக்கு அடியில் குழி வெட்டி, வைக்கோலைப் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் குளிர்ந்த நீரைக் கோடு போட்டதுபோல ஊற்றி, சம்மட்டியால் அடித்தால் அந்தக் கோட்டிலேயே பிளந்துவிடும். 1719 முதல் 1724 வரை அடிக்கடி ஏவ்பரிக்கு வந்த பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி இதையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதி, படமும் வரைந்து வைத்தார். உடைத்த துண்டுகள் எங்கே போயின என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊருக்குள் நடந்து வீட்டுச் சுவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

காப்பாற்றியவர்களும் உண்டு. 1870களின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் வீடு கட்ட மனை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஜான் லபக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்த நிலத்தைத் தானே வாங்கிவிட்டார். பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1871ல் பேங்க் ஹாலிடே சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. நீங்கள் சுற்றுலாவுக்குத் தேடும் அந்தத் திங்கட்கிழமை விடுமுறைக்கும் இந்த ஊர் இன்னும் நிற்பதற்கும் ஒரே மனிதர் காரணம்! பிற்பாடு அவருக்குப் பிரபு பட்டம் கிடைத்தபோது, ஏவ்பரி என்ற பெயரையே எடுத்துக்கொண்டார்.

1930களில் அலெக்சாண்டர் கெய்லர் என்ற தொல்லியலாளர் வந்தார். மார்மலேட் தயாரித்து விற்ற குடும்பத்துப் பணம். அந்தப் பணத்தில் நிலத்தை வாங்கி, தோண்டி, புதைந்த கற்களை எடுத்து நிறுத்தினார். காணாமல் போன கற்களின் இடத்தில் சிறிய கான்கிரீட் கட்டைகளை நட்டார். இன்றைக்கும் அவை நிற்கின்றன. ஆனால் வட்டத்துக்குள் இருந்த வீடுகள் சிலவற்றை அவர் இடிக்கவும் செய்தார். குடியிருந்தவர்கள் பக்கத்து ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. பழைய கல்லுக்காக வாழ்கிறவர்களின் வீட்டை இடிக்கலாமா? பெரிய பிள்ளைகளை அங்கேயே புல்லில் உட்காரவைத்துத் தமிழில் வாதாட விடுங்கள். பட்டிமன்றத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

வட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். நடக்க வேண்டும், அதுதான் முக்கியம். ஊருக்குத் தெற்கே கென்னட் ஆற்றின் தொடக்க ஓடையை ஒட்டி ஒரு பாதை போகிறது. கொஞ்ச தூரத்தில் சில்பரி மேடு தெரியும். சுமார் 30 மீட்டர் உயரம். எகிப்தில் பிரமிடுகள் எழுந்த காலத்தை ஒட்டி, ஏறக்குறைய கி.மு. 2400ல், கையால் மண் கொட்டி எழுப்பியது. மனிதர் எழுப்பிய வரலாற்றுக்கு முந்தைய மேடுகளில் ஐரோப்பாவிலேயே பெரியது. உள்ளே புதையலோ அரசனின் சமாதியோ இருக்கும் என்று 1776ல் உச்சியிலிருந்து துளைத்தார்கள், 1849ல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தப் பழைய துளை 2000ல் உள்வாங்கி உச்சியில் பள்ளம் விழுந்து, பிறகு அதை அடைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. எதற்காகக் கட்டினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மேலே ஏற அனுமதி இல்லை, கீழிருந்துதான் பார்க்கலாம்.

அங்கிருந்து ஏ4 சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் வேகமாக வரும் சாலை. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முன்னும் பின்னும் பெரியவர்கள் நின்று கடத்துங்கள். அப்புறம் வயல் நடுவே மெல்லிய ஏற்றம், அதன் முடிவில் மேற்குக் கென்னட் நெடுமேடு. கி.மு. 3650 வாக்கில் கட்டிய ஈமச்சின்னம், நூறு மீட்டர் நீளம். வாசலை மறைத்துப் பெரிய கற்கள் நிற்கும். பக்கவாட்டில் நுழைந்தால் குனியாமலே நடக்கலாம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு அறைகள், கடைசியில் ஒன்று. குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் இங்கே கிடைத்தன. உள்ளே ஒரு கல்லில் ஒரு பகுதி மட்டும் வழவழவென்று இருக்கும். கற்கோடரியைத் தீட்டித் தீட்டித் தேய்ந்த இடம். விரலை வைத்தால் கண்ணாடிபோல வழுக்கும். இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிப் பாடத்தில் கற்காலம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அதைப் படித்து, படம் வரைந்து, மறந்துவிடுகிறார்கள். அந்த வழுவழுப்பில் விரல் வைத்த பிள்ளை மறக்காது.

இது தமிழ்ப் பள்ளியின் வேலையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆமாம், இதுவும் அதன் வேலைதான் என்று சொல்வேன். வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் பயிற்சித்தாளிலும் பேச்சுப்போட்டியிலும்தான் வருகிறது. அகழி, கரை, ஓடை, செம்மறியாடு, சேறு, வாய்க்கால் எல்லாம் அவர்களுக்குப் படத்தில் பார்த்த சொற்கள். அங்கே அவை காலடியில் இருக்கின்றன. அந்த ஒரு நாள் முழுவதும் தமிழிலேயே பேசிக்கொண்டு நடக்கலாம்.

இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த நாட்டில் வருடக்கணக்காக இருக்கிறோம். வேலை, வீடு, கோயில், கடை, கல்யாண மண்டபம், இவை எல்லாமே நகரத்துக்குள். கிராமப்புறம் என்றால் அது வேறு யாருடைய இடமோ என்ற கூச்சம் நம்மில் பலருக்கு உண்டு. வயல் ஓரக் கதவைத் திறக்கலாமா, யாராவது ஏதாவது சொல்வார்களா என்று தயங்கி நிற்கிறோம். பச்சைப் பலகையில் 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று இருந்தால் அதில் நடக்க எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு. மஞ்சள் அம்புக்குறி அதற்கான அடையாளம். இதைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே காலால் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பிறந்து வளரும் அவர்களுக்கு இந்த மண்ணில் அந்நியர் என்ற நினைப்பு வரவே கூடாது.

ஒரு வேண்டுகோள். பேசும்போது, இதைக் கட்டியவர்கள் தமிழர்கள்தான் என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். கொடுமணலிலும் கல்வட்டங்கள் உண்டு. ஆனால் தமிழகத்துக் கல்வட்டங்கள் பெரும்பாலும் இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள், ஏவ்பரிக்கு மிகவும் பிந்தியவை. இரண்டு இடத்திலும் மனிதர்கள் பெரிய கல்லை வட்டமாக நிறுத்தினார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமான அதிசயம்.

சரி, ஏற்பாடுகள். லண்டனிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கோச் பிடிப்பதற்கு முன்னால், பெரிய வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்று, இந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். குறைந்த பேர் என்றால் ரயிலில் ஸ்விண்டன் போய், அங்கிருந்து பேருந்தில் போகலாம். குளிர்காலத்தில் ஓடைப் பாதையில் தண்ணீர் ஏறிவிடும். மே, ஜூலை மாதங்கள் தோது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களைத் தவிருங்கள், ஆண்டின் மிக நீண்ட பகலான கோடைக் கதிர்த்திருப்பத்துக்குப் பெருங்கூட்டம் வரும். கழிப்பறை ஊருக்குள்தான் உண்டு, நெடுமேட்டுப் பக்கம் கிடையாது. நெடுமேட்டுக்குப் போகவர மூன்று மைலுக்கு மேல் ஆகும். நடக்க முடியாத தாத்தா பாட்டிகள் ஊரிலேயே இருந்து, ஓலைக்கூரை வேய்ந்த 17ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தையும் தேவாலயத்தையும் பார்க்கலாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், புளிச்சோறு இதற்கென்றே பிறந்தது. குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். திறந்த கதவைச் சாத்துங்கள், ஆடுகளைத் துரத்த விடாதீர்கள். நெடுமேட்டுக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக் கற்களைப் பாழாக்கியவர்கள் உண்டு. ஆகவே பக்தி பொங்கினாலும் கற்பூரம் கொளுத்த வேண்டாம்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இதைச் சேருங்கள். ஒரு நிமிடம் போதாது, கால் மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தப் பள்ளி முதலில் கிளம்பினாலும் நானும் வருகிறேன். சின்னப் பிள்ளைகளின் குழுவை என்னிடம் விடுங்கள். ஏ4 சாலையை நானே கடத்திவிடுகிறேன்.

அன்புடன்,
ரெடிங்கிலிருந்து ஒரு பெற்றோர்