அந்த முயல இன்னைக்கே ஏன் தர மாட்டேங்குறோம்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கடைக்கு வர்ற எல்லாருக்கும் வணக்கம்.

பின்னாடி ரூம்ல இருக்குற முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் எல்லாத்தையும் பாத்துட்டு "இது என்ன வெல" ன்னு கேக்குறீங்க, விக்கிறதுக்கு இல்லங்க அடாப்ஷனுக்கு, அதாவது தத்து குடுக்கன்னு சொன்னா "அப்ப இன்னைக்கே எடுத்துட்டு போறேன்" னு சந்தோஷப்படுறீங்க, அதுவும் முடியாது கொஞ்சம் காத்திருக்கணும்னு சொன்னதும் சில பேருக்கு முகம் மாறிடுது. உங்க மேல தப்பில்ல. கவுன்டர்ல பில் போட்டுட்டே ரெண்டு வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து எழுதிடலாம்னு முடிவு பண்ணோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

நாங்க உயிரோட இருக்குற பிராணிகள விக்கிறதில்ல. தீவனம், காஞ்ச புல்லு, கூண்டு, கீழ விரிக்கிற பேப்பர் துகள் இதுதான் நம்ம வியாபாரம். பின்னாடி ரூம ஒரு ரெஸ்க்யூ குழுவுக்கு (வளக்க ஆளில்லாத பிராணிகள எடுத்து பாத்துக்குறவங்க) குடுத்திருக்கோம், அதுல இருக்குற எல்லாரும் வாலண்டியர்ஸ், யாருக்கும் சம்பளம் கெடையாது, பகல்ல அவங்கவங்க வேலையப் பாத்துட்டு சாயந்தரம் வந்து கூண்டு கழுவுறவங்க. நீங்க இங்க பாக்குற பிராணிங்க எண்ணிக்கைய விட அவங்க வீடுகள்ல ஃபாஸ்டர்ல, அதாவது தற்காலிகமா வளக்குறதுல, இருக்குறதுதான் அதிகம். வேற வீட்டுக்குப் போக கிட்டத்தட்ட தயாரா இருக்குறத மட்டும்தான் இங்க கொண்டு வருவாங்க, அதுலயும் ஒண்ணு ரெண்டு இன்னும் தயாராகிட்டு இருக்கும்.

ரெஸ்க்யூன்னா யாரோ கொடுமைப்படுத்தி அங்கிருந்து மீட்டுட்டு வந்ததுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. அப்படியும் வரும். ஆனா பெரும்பாலும் வர்றது ரொம்ப சாதாரண வீடுகள்ல இருந்து. பசங்களுக்கு ஆசை போயிடுச்சு, வீடு மாறுறோம், யாருக்கோ அலர்ஜி. இதெல்லாத்தையும் விட அடிக்கடி கேக்குறது ஒண்ணு இருக்கு, "ரெண்டும் பொண்ணுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க, இப்ப குட்டி போட்டுருச்சு".

இத கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா நீங்க காத்திருக்குறதுக்கு முக்கியமான காரணமே இதுதான். குட்டி முயல்லயும் குட்டி கினி பிக்லயும் ஆண் பெண் பாக்குறது பழக்கம் இல்லாதவங்களுக்கு ரொம்ப கஷ்டம், விக்கிறவங்களே மாத்தி சொல்லிடுவாங்க. முயல் சுமார் 31 நாள்ல குட்டி போடும், போட்ட அன்னைக்கே திரும்ப செனையாக முடியும், அதாவது கூட ஆண் இருந்தா ஒரு ஈத்து பால் குடிச்சிட்டு இருக்கும்போதே அடுத்த ஈத்து வயித்துல வளர ஆரம்பிச்சிடும். கினி பிக்குக்கு 59ல இருந்து 72 நாள் வரைக்கும் ஆகும், அதுவும் குட்டி போட்ட சில மணி நேரத்துலயே மறுபடி செனை பிடிக்கும், அதோட குட்டிங்க கண்ணு தொறந்து முடியோட பொறந்து சீக்கிரமே வளந்துடுதுங்களா, ஆண் குட்டிய மூணு வாரத்துல அம்மாகிட்ட இருந்தும் அக்கா தங்கச்சிகிட்ட இருந்தும் பிரிக்கலன்னா கத திரும்ப ஆரம்பம். சிரியன் ஹாம்ஸ்டருக்கு (ஹாம்ஸ்டர்ல ஒரு வகை) வெறும் 16 நாள். ஒரு "ஜோடி பொண்ணுங்க" சில மாசத்துல ஒரு கூட்டமா ஆகுறது இப்படித்தான், அந்த வீட்டுக்காரங்க கெட்டவங்கன்னு சொல்லிட முடியாது.

அதனால எந்த பிராணி வந்தாலும் வாலண்டியர்ஸ் மொதல்ல ஆணா பெண்ணான்னு பாப்பாங்க, இன்னொருத்தர் இன்னொரு தடவ பாப்பார். பெண்ணா இருந்து ஆண் கூட இருந்திருக்க வாய்ப்பு இருந்தா, செனையா இல்லையான்னு உறுதியா தெரியற வரைக்கும் குடுக்க மாட்டாங்க. முயல்னா ஒரு மாசத்துக்கு மேல, கினி பிக்னா பத்து வாரத்துக்கு மேல. ஆணுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சுன்னாலும் அன்னைக்கே பெண் கூட விட முடியாது, அதுக்கப்புறமும் சில வாரத்துக்கு அது குட்டி கொடுக்கக் கூடியதாத்தான் இருக்கும். பெண் முயலுக்கு ஆபரேஷன் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு, குட்டி போடாம தடுக்க மட்டும் இல்ல, ஆபரேஷன் பண்ணாத பெண் முயலுக்கு வயசாக ஆக கர்ப்பப்பையில புத்துநோய் வர்றது ரொம்ப சகஜம். நீங்க கட்டுற அடாப்ஷன் தொகை இந்த மாதிரி மருத்துவ செலவுக்குத்தான் போகுது, நேரா குழுவோட கணக்குக்கு, கடைக்கு அதுல ஒண்ணும் கெடையாது.

ரெண்டாவது காரணம் உடம்பு. முயலும் கினி பிக்கும் வேட்டையாடப்படுற இனம், வலி இருந்தா வெளிய காட்டாது, வெளிய காட்டுனா காட்டுல வேட்டை மிருகம் அதத்தான் மொதல்ல பிடிக்கும். அதனால நமக்கு தெரியும்போது நெலம முத்திப் போயிருக்கும். ஃபாஸ்டர் வீட்டுல தினமும் என்ன பாக்குறாங்கன்னா எவ்வளவு சாப்பிட்டுச்சு, எவ்வளவு புழுக்கை போட்டுச்சு, புழுக்கை என்ன சைஸு. கேக்க ஒரு மாதிரி இருக்கும், ஆனா முயல் வளக்குறவங்களுக்கு புழுக்கைய விட நம்பகமான ரிப்போர்ட் வேற இல்ல. அரை நாள் சாப்பிடாம புழுக்கையும் போடாம ஒரு முயல் மூலையில ஒடுங்கி உக்காந்திருந்தா குடல் வேலை செய்யறது நின்னுட்டு வருதுன்னு அர்த்தம், நாளைக்கு பாத்துக்கலாம்னு விடவே கூடாது, அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். (மெத்துனு கொத்தா ஒரு வகை புழுக்கை போட்டு அத அதுவே வாய வச்சு திங்கும், அது நோய் இல்ல, அதுக்கு தேவையான சத்து, பாத்து பயந்துடாதீங்க.)

பல்லையும் பாக்கணும். முயலுக்கும் கினி பிக்குக்கும் முன் பல்லு கடவாப்பல்லு ரெண்டுமே சாகுற வரைக்கும் வளந்துகிட்டே இருக்கும், காஞ்ச புல்ல நாள் முழுக்க அரைச்சாத்தான் தேயும். பெல்லெட் (குச்சி மாதிரி அழுத்தி செஞ்ச தீவனம்) மட்டும் போட்டு வளத்த முயல் வந்தா பல்லு முனை வளந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிச்சிட்டு இருக்கும், பசி இருக்கும் ஆனா திங்க முடியாது. அதனாலதான் "புல்லு வாங்கிட்டு போங்க, பெல்லெட் கொஞ்சமா போதும்" னு ஒவ்வொரு தடவையும் சொல்றோம். உருண்டை, விதை, கலர் கலரா காஞ்ச துண்டெல்லாம் கலந்த முயல் தீவனத்த ரேக்குல இருந்து எடுத்ததும் இதுக்குத்தான், புடிச்சத மட்டும் பொறுக்கி தின்னுட்டு மிச்சத்த விட்டுடும்.

கினி பிக்குக்கு இன்னொண்ணு. மனுஷங்க மாதிரியே அதோட உடம்பு விட்டமின் சி தயாரிக்காது, தினமும் சாப்பாட்டுலதான் கெடைக்கணும். கெடைக்கலன்னா முடி பரட்டையாகும், மூட்டு வீங்கும், நடக்கவே யோசிக்கும், ஈறுல ரத்தம் வரும், தூக்குனா கத்தும். ரெஸ்க்யூவுக்கு வர்ற கினி பிக்ல இது அடிக்கடி பாக்குறதுதான், முயல் பெல்லெட் போட்டு வளத்திருப்பாங்க, அதுல இதுக்கு தேவையான சி இருக்காது. கினி பிக் பெல்லெட்டே வாங்குனாலும் நாள் ஆக ஆக அதுல இருக்குற சி கொறஞ்சுகிட்டே வரும். தயாரிச்ச தேதி பாத்து சின்ன பாக்கெட்டா வாங்குங்க, கூட தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் குடுங்கன்னு சொல்றது அதனாலதான். பெரிய மூட்டை வித்தா எங்களுக்கு லாபம்தான், ஆனா பாதியில சத்து போன தீவனத்த உங்களுக்கு குடுக்க மனசு வரல.

புதுசா வந்தத தனியா வச்சு பாக்குறதும் நடக்கும். சிரங்கு பூச்சி, படர்தாமரை ரெண்டும் வந்த அன்னைக்கு தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் முடி கொட்ட ஆரம்பிக்கும். படர்தாமரை நம்ம மேலயும் ஒட்டும், வீட்டுல கொழந்தைங்க இருக்குறவங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல.

"ஒண்ணு மட்டும் போதும், ரெண்டு எதுக்கு" ங்குற கேள்விக்கு வரேன். முயலும் கினி பிக்கும் கூட்டமா வாழ்ற இனம், தனியா வச்சா நீங்க எவ்வளவு கொஞ்சுனாலும் ராத்திரி முழுக்க அது தனியாத்தான் இருக்கும். சுவிட்சர்லாந்துல 2008ல வந்த விதிமுறை கினி பிக்க தனியா வளக்கக் கூடாதுன்னே சொல்லுது. அதனால ஜோடியாத்தான் குடுப்போம், இல்லன்னா உங்க வீட்டுல ஏற்கனவே ஒண்ணு தனியா இருந்தா அதுக்கு துணையா குடுப்போம். அப்படி துணை தேடுறவங்க உங்க முயல இங்க கூட்டிட்டு வாங்க, ரெண்டுக்கும் பழக்கமில்லாத பொது எடத்துல விட்டு வாலண்டியர்ஸ் பக்கத்துலயே உக்காந்து பாப்பாங்க. சிலது அன்னைக்கே ஒண்ணா படுத்துக்கும், சிலதுக்கு வாரக்கணக்குல ஆகும், சிலது ஒத்தே வராது, அப்ப வேற ஒண்ண பாக்கலாம். முயலையும் கினி பிக்கையும் சேத்து வைக்கிறது மட்டும் வேணாம். முயல் ஒரு ஒதை விட்டா கினி பிக் எலும்பு தாங்காது, அதோட முயலுக்கு ஒண்ணும் பண்ணாத ஒரு கிருமி கினி பிக்குக்கு நுரையீரல் காய்ச்சல கொண்டு வந்துடும்.

சிரியன் ஹாம்ஸ்டர் இதுக்கு நேர் எதிர். வளந்ததுக்கு அப்புறம் ரெண்ட ஒரே கூண்டுல விட்டா ஒண்ண ஒண்ணு கடிச்சு கொன்னே போடும். "பாவம் தனியா இருக்கே" ன்னு அதுக்கு துணை கேக்காதீங்க, தனிமைதான் அதுக்கு நிம்மதி.

அடாப்ஷன் ஃபார்ம்ல நெறைய கேள்வி இருக்குன்னு வருத்தப்படுறீங்க. வீட்டுல எல்லாருக்கும் சம்மதமா, வாடகை வீடுன்னா ஓனர் ஒத்துக்குவாரா, ஊருக்கு போனா யார் பாத்துப்பாங்க, முயல் பாக்கத் தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல இருக்காரா. உங்கள சந்தேகப்பட்டு கேக்குறதில்ல, திரும்பி வந்த ஒவ்வொரு பிராணியும் இதுல ஏதோ ஒண்ணாலதான் வந்திருக்கு. பசங்களுக்காக கேக்குறவங்ககிட்ட கட்டாயம் ஒரு பெரியவங்க கையெழுத்து வாங்குறோம். முயல் 8ல இருந்து 12 வருஷம் வாழும், கினி பிக் 5ல இருந்து 8, ஹாம்ஸ்டர் 2 இல்ல 3. பத்து வயசுப் பையன் ஆசப்பட்டு கேட்ட முயல் அவன் காலேஜ் போகும்போதும் வீட்டுல இருக்கும், அப்ப கூண்டு கழுவப் போறது யாருன்னு இப்பவே பேசிக்கணும். யாருக்காவது சர்ப்ரைஸா பரிசு குடுக்கன்னு கேட்டா கண்டிப்பா தர மாட்டோம், இதுல எந்த சமாதானமும் கெடையாது. வாங்கிக்கப் போறவங்க நேர்ல வரட்டும், கீழ உக்காந்து அது தானா பக்கத்துல வர்ற வரைக்கும் பாக்கட்டும்.

வீட்டுக்கு கூட்டிட்டு போனவங்களுக்கு மருந்து விஷயத்துல ஒரு எச்சரிக்கை, இத பெருசா எழுதி கவுன்டர்லயும் ஒட்டியிருக்கோம். வீட்டுல இருக்குற ஆன்டிபயாடிக்க கரைச்சு ஊத்தாதீங்க. அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்து வாய் வழியா போனா முயல், கினி பிக், ஹாம்ஸ்டர் மூணுக்கும் குடல்ல இருக்குற நல்ல கிருமி செத்து உயிரே போயிடும். நாய்க்கு வாங்குன உண்ணி மருந்து, அதுல ஃபிப்ரோனில் இருந்தா, முயல் மேல ஒரு சொட்டு கூட படக் கூடாது. எங்ககிட்டயே அந்த மருந்து இருக்கு, முயலுக்குன்னு கேட்டா குடுக்க மாட்டோம், டாக்டர்கிட்ட போங்கன்னுதான் சொல்லுவோம்.

இனி வளக்க முடியலங்குற நெலமையில இருக்குறவங்களுக்கு. தயவு செஞ்சு பூங்காவுலயோ வயக்காட்டுலயோ விட்டுட்டு "இயற்கையில சுதந்திரமா இருக்கட்டும்" னு நெனைக்காதீங்க. வீட்டு முயலுக்கு ஒளியத் தெரியாது, வெள்ள நெறம் தூரத்துல இருந்தே தெரியும், நாய்க்கோ பருந்துக்கோ சீக்கிரமே இரையாயிடும். ராத்திரி கடை வாசல்ல அட்டைப் பெட்டியில வச்சுட்டுப் போறதும் வேணாம். நாங்க காலையில ஷட்டர் தூக்குற வரைக்கும் தண்ணி இல்லாம அடைச்சு கெடக்கும், முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது, காது வழியாத்தான் சூடு வெளியேறணும், மூடுன பெட்டியில அது தாங்காது. ஃபோன் பண்ணுங்க. ஏன் குடுக்குறீங்கன்னு யாரும் உங்கள திட்ட மாட்டாங்க, அதோட வயசு, என்ன சாப்பிடும், யாரு கூட இருந்துச்சு, இத உண்மையா சொன்னா போதும். ஃபாஸ்டர் வீட்டுல எடம் காலியாகுற வரைக்கும் சில நாள் உங்க வீட்டுலயே வச்சிருக்கச் சொல்லுவாங்க, அந்த நாளைக்கு வேணுங்குற புல்லு நாங்க தரோம். இங்க இருந்து கூட்டிட்டு போனதா இருந்தா எத்தன வருஷம் கழிச்சானாலும் வேற யாருக்கும் கை மாத்தாம இங்கயே திருப்பி குடுங்க, ஃபார்ம்ல அது ஒரு நிபந்தனையாவே இருக்கு.

முயல் திடீர்னு குட்டி போட்டுடுச்சுன்னு பதறி கூப்புடுறவங்களுக்கும் ஒண்ணு, தாய் குட்டிங்க பக்கமே போக மாட்டேங்குதுன்னு பயப்படாதீங்க. முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவ ரெண்டு தடவதான், அதுவும் சில நிமிஷம்தான் பால் குடுக்கும். குட்டிங்க வயிறு உருண்டையா உடம்பு கதகதப்பா இருந்தா எல்லாம் சரியா நடக்குது. கூட இருக்குற ஆண மட்டும் அந்த நிமிஷமே வேற எடத்துக்கு மாத்திட்டு எங்களுக்கு சொல்லுங்க.

அடாப்ட் பண்ண முடியலன்னாலும் உதவ வழி நெறைய இருக்கு. சில வாரத்துக்கு ஃபாஸ்டர் பண்ண ஒரு ரூம் மூலை போதும், தீவனமும் டாக்டர் செலவும் குழு பாத்துக்கும். கார் வச்சிருக்குறவங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு போக வரலாம், அதுக்குத்தான் எப்பவும் ஆள் பத்தல. பழைய டவல், நியூஸ்பேப்பர் எவ்வளவு இருந்தாலும் கவுன்டர்ல குடுத்துட்டு போங்க, நூல் பிரிஞ்சு தொங்குற துணி மட்டும் வேணாம், கடிச்சு முழுங்கிடும். வாலண்டியர்ஸ் சாயந்தரம்தான் இருப்பாங்க, அவங்ககிட்ட பேசணும்னா அந்த நேரம் பாத்து வாங்க, ஃபார்ம் எங்ககிட்ட எப்ப கேட்டாலும் கெடைக்கும்.

அன்புடன்,
உங்க கடைக்காரங்களும் பின் ரூம் வாலண்டியர்ஸும்