சிலிண்டர் இருக்கிறது, எரிவது விறகுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழைப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு தரும் உஜ்வாலா திட்டம் 2016-ல் வந்தது, இணைப்பும் பல வீடுகளுக்குக் கிடைத்தது, சரி, ஆனால் 14.2 கிலோ சிலிண்டரை மறுபடி வாங்க மொத்தமாகப் பணம் வேண்டுமே, அதனால் எங்கள் ஈரோட்டுப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் அது மூலையில் நிற்க, தென்னை மட்டையும் வேலிக்கருவேல விறகும்தான் எரிகிறது. சமைக்கிற பாத்திரம், எங்கள் பேச்சில் போசி, அதன் அடியில் சுரண்டினாலும் போகாத கரி. அதே புகைதான் நெஞ்சுக்குள்ளும் போகிறது. சூரிய அடுப்பு கொடுக்கலாம் என்பார்கள். சாட் நாட்டின் இரிடிமி முகாமில், சூடானின் டார்பூரிலிருந்து வந்த அகதிப் பெண்கள் அட்டையும் அலுமினியத் தாளும் வைத்த சூரிய அடுப்பில் சமைத்தது உண்மை. ஆனால் காலையில் பனியன் கம்பெனிக்கு ஓடுகிற வீட்டில் மத்தியான வெயிலுக்கு யார் அடுப்பைத் திருப்பி வைப்பது? ராத்திரிச் சோற்றுக்கு என்ன செய்வது?

இங்கே ராக்கெட் அடுப்புதான் தோது. பேரைக் கேட்டு மிரள வேண்டாம், 1980-களில் வந்த எளிய சங்கதிதான்: ‘ட’ போல வளைந்த குழாய், சுற்றிலும் சூடு வெளியேறாத காப்பு, அடியில் காற்று, விரல் தடிமன் சுள்ளி போதும், புகையும் உள்ளேயே பெரும்பாலும் எரிந்துவிடும். கோவை வார்ப்படப் பட்டறைகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அரசு ஆர்டர் கொடுத்து, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கும் லைன் வீடுகளுக்கும் மகளிர் குழு மூலம் தவணையில் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் சமைக்கிறவர்களிடம் ஒரு மாதம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் போசி அதில் நிற்கவில்லை என்றால் அடுப்பை மாற்றுங்கள்.

ஒரு வாசகர்,
பெருந்துறை