நன்றி நர்ஸ் மிஸ்ஸி, அன்னிக்கு சத்தம் போட்டதுக்கு மன்னிச்சிருங்க

எல்லாருக்கும் வணக்கம். பாப்பா நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டா. இத டைப் பண்றப்ப பக்கத்துல தொட்டில்ல மூக்க சுளிச்சிக்கிட்டு தூங்குறா, நான்தான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எழுந்து மூச்சு வருதான்னு பாத்துட்டு வரேன், மானிட்டர் இல்லாம மனசு நம்ப மாட்டேங்குது.

பொறந்ததும் இருதயம் சோர்ந்துபோயி பாப்பா ஐசியூல இருந்தது உங்களுக்கே தெரியும், மறுபடி முழுசா எழுத தெம்பு இல்ல. ஐசியூ டாக்டர்ங்களுக்கும், ரத்தம் குடுத்த பெரை ஃபேக்டரி பசங்களுக்கும், தாய்ப்பால ஐஸ் பெட்டியில வச்சு பட்டர்வொர்த்துல இருந்து மழையிலயும் மோட்டார்ல பாலம் தாண்டி கொண்டாந்த மச்சானுக்கும், தண்ணிமலை முருகனுக்கு நேந்துக்கிட்ட அத்தைக்கும், காசு வாங்காம தே தாரிக் டீ குடுத்த மாமாக் சாப்பாட்டுக் கடைக்காரருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி.

ஆனா இந்த மடல் ராத்திரி டூட்டி மிஸ்ஸிக்குத்தான்.

மூணாவது ராத்திரி அது. பாப்பா தலமாட்டுல மருந்து ஏத்துற பம்பு ரெண்டு. ஒண்ணுல டோபுடமின், இருதயத்த முடுக்குறது. இன்னொண்ணுல மில்ரினோன், ரத்தக்குழாய இளக்குறது. நான் போன்ல தேடிப் பாத்துட்டேன், ரெண்டாவது பிரஷர எறக்கும்னு போட்டிருந்துச்சு. ஒரு கால்ல ஆக்சிலேட்டர அழுத்துறீங்க, இன்னொரு கால்ல பிரேக்கா, என் புள்ளய என்ன பண்றீங்கன்னு கத்திட்டேன்.

மிஸ்ஸி கோவப்படல. பாப்பாவோட ஈர பெம்பர்ஸ தராசுல எட போட்டுக்கிட்டு இருந்தாங்க, கிராம எழுதி வச்சிட்டு, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுல தண்ணி எடுத்து, நூல் மாதிரி ஒரு டியூப மாட்டி என் கையில குடுத்தாங்க. "தள்ளுங்கண்ணே." கட்டவிரல் வலிக்குது, தண்ணி சொட்டுச் சொட்டாத்தான் வருது. மூட்ட தூக்குற கை எனக்கு, நடுங்கிருச்சு. அப்புறம் அத கழட்டிட்டு கொஞ்சம் பெரிய டியூப மாட்டுனாங்க. சர்ருன்னு பீச்சி என் சட்டையெல்லாம் ஈரம். "இப்ப சொல்லுங்க, உங்க விரல்ல பலம் கூடிருச்சா?"

வயித்துல இருந்தவரைக்கும் நஞ்சுக்கொடி வழியா ரத்தம் லேசா போயிட்டிருந்துச்சாம், கொடிய வெட்டுனதும் அந்த வழி அடைபட்டு இருதயத்துக்கு பாரம் ஏறிடுமாம். சோர்ந்த இருதயத்த வெறுமனே முடுக்குனா இன்னும் ஆக்சிஜன் கேட்டு தெணறும், அதான் ஒண்ணு தட்டிக் குடுக்க, இன்னொண்ணு வழிய அகலமாக்க, மில்ரினோன் இருதயத்துக்கும் ஒரு கை குடுக்கும்னாங்க. பிரஷர் ரொம்ப எறங்குற ஆபத்து இருக்குறதயும் மறைக்கல. டோபுடமின நிறுத்துனா சில நிமிஷத்துல அதோட வேல நின்னுரும், மில்ரினோன் அப்படி இல்ல, பெரும்பாலும் மூத்திரத்துலதான் வெளிய போகணும், பச்சப் புள்ளைக்கு கிட்னி மெதுவாத்தான் வேல செய்யும், "அதுக்குத்தாண்ணே பெம்பர்ஸ நிறுக்குறோம்."

அதுக்கப்புறம் நான் மானிட்டர விட அந்தத் தராசத்தான் பாத்தேன். பாப்பா ஒண்ணுக்குப் போனா போதும், குடும்ப வாட்ஸ்ஆப்புக்கு கிராம் கணக்கோட அனுப்பிருவேன், சித்தப்பா அதுக்கும் கைகூப்பி ஒரு படம் போடுவாரு.

சிரிஞ்ச என்கிட்டயே குடுத்துட்டாங்க. சாமி மேடையில வச்சிருக்கேன், பொண்டாட்டி திட்டுறா, எடுக்க மாட்டேன்.

பாப்பா டிஸ்சார்ஜ் அன்னிக்கு நீங்க லீவு, மிஸ்ஸி. வெள்ளிக்கிழம ராத்திரி டூட்டின்னு விசாரிச்சிட்டேன். அம்மா சுட்ட வடை கொண்டாரேன், வாசல்லயே குடுத்துட்டு சத்தம் போடாம போயிருவேன்.