பெயரை முதலில் தமிழில் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழித்துறை பக்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்து, சென்ற ஆண்டு அந்த வேலையை விட்டவன் நான். பிறருடைய பெயர்களைப் பிழையின்றி எழுதுவதே இத்தனை காலமும் எனக்குச் சோறு போட்டது. ஆனால் என் சொந்தக் குடும்பப் பெயர், வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் அரசு அலுவலகங்களிலுமாக, என் கைவசம் உள்ள தாள்களில் மட்டும் ஏழு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் குடும்பப் பெயர் தாழவிளை. அதைத் தாளவிளை, தாளவிலை, தாழவிலை, தலவிலை, தலைவிளை, தாலவிளை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒரு சீட்டில் ‘தலைவிலை’ என்றே இருக்கிறது.

தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் பொதுவாகத் தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். குமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில், வீட்டுப் பெயரைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டும் வழக்கம் உண்டு, ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால், “எந்த வீட்டுக்காரர்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த வீட்டுப் பெயர்களில் பல, நிலத்தின் பெயர்கள். தென்னையும் பனையும் கொல்லாமாவும் மரச்சீனியும் நிற்கும் புன்செய் நிலத்தை நாங்கள் விளை என்போம். நாகர்கோவிலுக்குள்ளேயே வடலிவிளை, பெருவிளை, கட்டையன்விளை, பள்ளிவிளை என்று எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. அடுத்தடுத்து இருந்த இரண்டு விளைகளில் பள்ளமான பக்கத்தில் இருந்தது எங்களுடையது என்பதால் அது தாழவிளை ஆயிற்று. விளைவதற்கு இடம் தந்த சொல்லை விற்பதற்கான சொல்லாக மாற்றி ‘விலை’ என்று எழுதும்போது, ஓர் எழுத்துதானே மாறியிருக்கிறது என்று என்னால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

என் பாட்டனாரும் அவருடைய சகோதரர்களும் நிலத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினை ஆதாரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது (பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்றுதான் சொல்வோம்). கொல்லம் ஆண்டு 1115, அதாவது 1939–40, சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள், முழுவதும் மலையாளம். பழுப்பேறிய அந்தத் தாளில் எங்கள் வீட்டுப் பெயர் ஐந்து இடங்களில் வருகிறது. மலையாள வழக்கப்படி ஈற்றில் ஐகாரம் இல்லாமல் ‘தாழவிள’ என்று முடிகிறதே தவிர, ஐந்து இடங்களிலும் ழகரம் ழகரமாகவும் ளகரம் ளகரமாகவும் நிற்கின்றன. அந்த மொழியிலும் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி எழுத்து இருப்பதும், எழுதியவர் கேட்டு எழுதியதும்தான் அதற்குக் காரணம். தமிழுக்கும் தமிழ் நிலத்துக்கும் உரிமை கேட்டு நேசமணி தலைமையில் போராடிய தலைமுறையைச் சேர்ந்தவர் என் தந்தை. 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததை, தம் வீட்டில் நடந்த விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொல்லுவார். மலையாள ஆதாரத்தில் ஒழுங்காக இருந்த அவருடைய வீட்டுப் பெயர் தமிழ்ப் பட்டாவில் சிதைந்து கிடப்பதை அவர் காலமான பிறகுதான் நாங்கள் கண்டோம். அவர் கண்ணில் அது படாமல் போனது ஒருவகையில் நல்லது என்றே நினைக்கிறேன்.

கையால் எழுதிய காலம் வரை பெயர் அவ்வளவாகக் கெடவில்லை. கணினிக்கு மாறிய பட்டாவில் ‘தாளவிலை’ என்றும், வாரிசுச் சான்றிதழில் ‘தாளவிளை’ என்றும், வங்கிப் புத்தகத்தில் வேறொரு ஆங்கில எழுத்துக்கோவையிலும் தந்தையின் பெயர் இருந்ததால், மூவரும் ஒருவரே என்று நிறுவ எங்களுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு. ‘தாழவிளை என்ற தாளவிளை’ என்று ஆவணத்தில் எழுதுவோம். இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்பதற்கு அந்த ‘என்ற’ என்னும் சொல்தான் பாலம். நூற்றுக்கணக்கானவர்களுக்காக அந்தச் சொல்லை நான் எழுதியிருக்கிறேன். என் தந்தைக்காக அதை எழுதிய அன்று, அவர் ஒருநாளும் வைத்துக்கொள்ளாத ஒரு பெயரை அவருடைய பெயராக நானே ஒப்புக்கொண்டு எழுதுவதுபோல் இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தில் நேரும் பிழை காகிதத்தோடு நிற்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அம்மையைக் கண் பரிசோதனைக்காக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கே ஆளின் பெயரை விட்டுவிட்டுக் கடைசிப் பெயரை மட்டும் சொல்லி அழைக்கும் பழக்கம். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், ஒலிபெருக்கியில் “தலைவிலை, தலைவிலை” என்று மூன்று முறை அழைத்துவிட்டு அடுத்தவரை உள்ளே விட்டுவிட்டார்கள். அம்மைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் எண்பது வயதை நெருங்கிய அவருக்கு, திருமணமாகி வந்த நாள் முதல் கேட்டுப் பழகிய பெயர் தாழவிளை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அழைப்பது வேறு யாரையோ என்று நினைத்து, கதவையே பார்த்தபடி பகல் இரண்டு மணி வரை அமர்ந்திருந்தார். விசாரித்தபோது, “கூப்பிட்டோமே, நீங்கள் வரவில்லை” என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை, அம்மையிடத்திலும் தவறில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதை விண்ணப்பங்கள் நிரப்பியே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் பெயரை முதலில் ஆங்கிலத்தில் வாங்குகிறார்கள். பிறகு அந்த ஆங்கிலத்திலிருந்து தமிழ் வடிவத்தைக் கணினி தானாகவே உண்டாக்குகிறது. ழகரத்துக்கு ‘இசட்’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் பழக்கம் தமிழிலும் மலையாளத்திலும் இருப்பதால் அது சில வேளைகளில் தப்பிவிடும். ளகரத்துக்கு அந்த வழியும் இல்லை. ஆங்கில விசையில் தமிழ் தட்டுகிறவர்கள் சிறிய ‘எல்’ போட்டால் ல, பெரிய ‘எல்’ போட்டால் ள என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பப் படிவமோ எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் நிரப்பு என்கிறது, அப்படி நிரப்பியதும் அந்த வேறுபாடு அங்கேயே அழிந்துவிடுகிறது, பிறகு கணினி ல, ள இரண்டில் ஒன்றை ஊகித்துப் போடுகிறது, பெரும்பாலும் லகரத்தையே போடுகிறது. தமிழுக்கென்று 1999-இல் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை இருக்கிறது. தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே தட்டினால் ஊகத்துக்கே இடமில்லை.

ஆங்கிலத்தில் எழுதும்போது ஏற்படும் குழப்பம் புதிதல்ல, அதற்காக இன்றைய ஊழியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. தக்கலையை இன்றும் ஆங்கிலத்தில் ‘டி எச் யு சி கே ஏ எல் ஏ ஒய்’ என்று எழுதுகிறோம். குழித்துறையில் வசிப்பவர்கள் ழகரத்துக்கு ‘இசட் எச்’ எழுதுகிறார்கள், ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயரிலோ ‘எல்’ இருக்கிறது. 2020 ஜூன் மாதத்தில் 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும்படி அரசு ஆணை வெளியிட்டதும், பல ஊர்களின் புதிய எழுத்துக்கோவை குறித்து எழுந்த விமர்சனத்தால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கலாம். ஊர்ப் பெயருக்கே இந்த நிலை என்றால், ஆட்பெயருக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் ஒரு முறை இருப்பதில் வியப்பில்லை.

நாமும் பிறர் பெயரை இப்படிச் சிதைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியாகி, 1777-இல் மறைந்து உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமாகியிருக்கும் டச்சுத் தளபதியை டிலனாய், டி லென்னாய், டி லனாய் என்று நம் நூல்களும் பேச்சாளர்களும் அவரவர்க்கு வந்தபடி குறிப்பிடுகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நம் மண்ணில் உழைத்தவரின் பெயரில்கூட நாம் ஒருமித்த வடிவத்துக்கு வரவில்லை. பிறமொழிப் பெயர் நம் நாக்குக்கு வராமல் போவது இயல்புதான். தமிழ்ப் பெயர் தமிழரின் கையால் தமிழில் எழுதப்படும்போது தவறிப்போவதை அந்தக் கணக்கில் சேர்க்க மனம் ஒப்பவில்லை.

இப்போது குடும்பப் பெயரை வேண்டாம் என்று விட்டுவிடவும் வழியில்லை. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லில் மட்டும் பெயர் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் மாவட்டம் இது. முதலெழுத்தோடு வாழ்ந்த எத்தனையோ குடும்பங்கள் தந்தை பெயரையோ வீட்டுப் பெயரையோ இரண்டாம் பெயராக எழுதத் தொடங்கியிருக்கின்றன. அப்படி எழுதும் அன்று தவறினால், அந்தத் தவறு கடல் கடந்தும் கூடவே போகும். செவிலியர் படிப்பு முடித்த என் மகளின் கடவுச்சீட்டில் ‘இசட் எச்’ இருந்தது, பட்டச் சான்றிதழில் ‘எல்’ இருந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபோது அந்த ஓர் எழுத்துக்காக அவளுடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. பள்ளியில் பெயர்ப் பட்டியல் தயாரித்த காலத்தில் நேர்ந்த பிழையை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காதது என் தவறு. அரசிதழ் அறிவிப்பு, பிரமாணப் பத்திரம், பல்கலைக்கழகத்துக்கு மனு என்று ஓராண்டு ஓடிற்று. “அப்பா, இந்தப் பெயரை எடுத்துவிட்டு வெறும் முதலெழுத்தோடு இருந்துவிடுகிறேனே” என்று அவள் ஒருநாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். வெளிமாநிலக் கல்லூரியில் வருகைப் பதிவின்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக அழைக்கப்பட்டவள் அவள் என்பதால், அப்படிக் கேட்டதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

அலுவலகங்களில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. பெயரைப் பதிவு செய்யும் எவரும், “உங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்?” என்று முதலில் கேட்க வேண்டும், எழுதத் தெரிந்தவரிடம் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும், எழுதத் தெரியாத முதியவராக இருந்தால் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, பொது ளவா, சிறப்பு ழவா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கில வடிவம் அதற்குப் பிறகு வரட்டும். நம் தரப்பிலும் கவனம் வேண்டும். ஆதார் பதிவு மையத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு வடிவங்களையும் திரையில் காட்டச் சொல்லி, ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பது பலருக்குத் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது பெற்றோர் ஒருமுறை பள்ளிக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாச் சான்றிதழ்களும் அந்தப் பட்டியலைத்தான் பின்பற்றுகின்றன. தங்களைப் போன்ற நாளிதழ்களும் திருமணச் செய்தியிலும் நீத்தார் அறிவிப்பிலும் வரும் பெயர்களை, அனுப்பியவரிடம் தமிழில் கேட்டுச் சரிபார்த்து வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குடும்பத்தார் கத்தரித்துப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைப்பது அந்தத் துண்டுச் செய்தியைத்தான்.

சென்ற மாதம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிறப்புப் பதிவு முடிந்துவிட்டது, பெயர் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். நம் மாநிலத்தில் பிறப்புச் சான்றிதழ் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வருகிறது. குழந்தைக்கும் தாழவிளை என்ற பெயரே இருக்கட்டும் என்று, எடுத்துவிடலாமா என்று முன்பு கேட்ட என் மகளே சொல்லிவிட்டாள். இரண்டு வடிவங்களையும் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ‘ழ’வின் கீழும் ‘ளை’யின் கீழும் சிவப்பு மையால் கோடிட்டு, ஆதாரம் இருக்கும் அதே உறையில் வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
தாழவிளை வீட்டுக்காரர் ஒருவர்,
ஆவண எழுத்தர் (ஓய்வு),
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.