வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள், டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். கோவில்பட்டியில் பெண்களுக்கென்று ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கப்போவதாகவும், முதல் மாதத்துக்கு எந்த நாவலைக் கொடுக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த நாவலும் வேண்டாம். முதல் ஆறு மாதமாவது வாசிப்பு முழுவதும் அந்த அறைக்குள்ளேயே, சத்தமாக, எல்லாரும் சேர்ந்து நடக்கட்டும். வீட்டுப்பாடம் கூடாது.

ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்களில் வீட்டு வேலை செய்பவர்களே கால்வாசிப் பேர்தான். அவர்களுக்கும் சராசரி 97 நிமிடம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. இப்படிப்பட்டவர்களிடம் முந்நூறு பக்கத்தைக் கொடுத்து அடுத்த மாதம் வாருங்கள் என்றால், படித்துவிட்டு நாலு பேர் வருவார்கள். படிக்கவில்லையே என்ற கூச்சத்தோடு சிலர் வந்து சுவரோரம் உட்காருவார்கள். மற்றவர்கள் வரவே மாட்டார்கள். அந்த நாலு பேர் யாரென்று பார்த்தால், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களாகவோ, பணி ஓய்வு பெற்றவர்களாகவோ, இன்னும் கல்யாணம் ஆகாதவர்களாகவோ இருப்பார்கள். மூன்றாவது மாதம் வட்டம் அவர்களுடையதாகிவிடும். புத்தகம் கனமாகப் போய்விட்டது என்று எல்லாரும் பேசிக்கொள்வார்கள், நேரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நாளும் மணியும்தான் முதலில் முடிவாக வேண்டும். ஞாயிறு காலை பதினொரு மணி என்று எழுதியிருந்தீர்கள். அது கறி எடுத்து வந்து சமைக்கிற நேரம். மூன்று மணிக்குத் தொடங்கி நாலரைக்கு முடியுங்கள். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடலாம். இடம் கிளை நூலகமாக இருந்தால், நூலகரிடம் பேசி அங்குள்ள வாசகர் வட்டத்தின் பெயரிலேயே கூடத்தைக் கேட்டு வாங்குங்கள். "எங்கே போகிறாய்?" என்ற கேள்விக்கு "லைப்ரரிக்கு" என்ற பதில் பல வீடுகளில் சுலபமாக எடுபடும். கழிப்பறை பூட்டியிருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லுங்கள். மூலையில் ஒரு பாய், கலர் பென்சில், பழைய ஒருபக்கத் தாள்கள் போதும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாதம் ஒருவர் என்று மாறி மாறி வரட்டும். டீயை அங்கேயே போட வேண்டாம், கடையில் ஃபிளாஸ்க்கில் வாங்கிவிடுங்கள். அடுப்பு ஒன்று இருந்தால் ஒரு பெண் கதையின் பாதியைத் தவறவிட்டு அதன் முன்னால் நிற்பாள், ஒவ்வொரு மாதமும் அதே பெண்தான் நிற்பாள்.

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் சரியான அளவு. இருபதைத் தாண்டினால் பேச்சு மேடைப் பேச்சாகிவிடும்.

நிதானமாகச் சத்தம் போட்டுப் படித்தால் சாதாரணப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று நிமிடம் ஆகும். தொண்ணூறு நிமிடத்தில் வாசிப்புக்கு முப்பது நிமிடம்தான் ஒதுக்க முடியும் என்பதால் பத்துப் பக்கத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பிரதிக்கு இரண்டு வழி. பதிப்புரிமையுள்ள நூலென்றால் நகலெடுக்காமல் நாலைந்து பிரதிகள் வாங்கி, மூன்று பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். தோளோடு தோள் உட்கார்ந்து பார்க்கும்போது, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் விரல் வழிகாட்டும். அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையான நூலென்றால் நகலெடுத்துப் பகிரத் தடையில்லை. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் 2009இல், அவர் இருக்கும்போதே நாட்டுடைமையாயின. புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஒரு ஏ4 தாளுக்குப் பெரிதாக்கி எடுங்கள், 140 சதவீதம் வைத்தால் சரியாக வரும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள்.

படிப்பது பத்தி பத்தியாகக் கை மாறட்டும். படிக்க விருப்பமில்லாதவர் "பாஸ்" என்று சொல்லித் தாளை அடுத்தவரிடம் கொடுக்கலாம். எழுத்துத் தெரியாத ஒருவர் மட்டும் அப்படிச் சொன்னால் எல்லார் பார்வையும் அவர்மேல் போகும். நன்றாகப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி, முதல் சுற்றில் அவர்களையும் "பாஸ்" சொல்ல வையுங்கள். உச்சரிப்பை யாரும் திருத்தக் கூடாது. டீச்சர், இது முக்கியமாக உங்களுக்கு. ழகரம் பிசகினால் உங்களுக்குக் கை பரபரக்கும்.

முதல் கதையாக அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யைப் பரிந்துரைக்கிறோம். 1988இல் வந்த தொகுப்பின் தலைப்புக் கதை. கொஞ்சம் நீளம் என்பதால் இரண்டு அமர்வாகப் பிரியுங்கள். அஜ்மீரில் ஒரு பெரிய குடும்பம், தெற்கிலிருந்து அங்கே மருமகளாகப் போன மீனாட்சி. சமையலறைக்கு வெளியே உள்ள வராந்தாவை அகலமாக்கலாமே, மலை தெரியுமே என்று அவள் மாமனாரிடம் சொல்கிறாள். கொஞ்ச நாளில் அங்கே துணி காயப்போடும் கொடிகள் கட்டப்படுகின்றன, மலை மறைந்துபோகிறது. படித்து முடித்ததும் கருத்துக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து அந்த வீட்டை வரையச் சொல்லுங்கள்: சமையலறை எங்கே, ஜன்னல் எந்தப் பக்கம், கொடி எங்கே. தாளைத் திருப்பி அவரவர் வீட்டையும் வரையச் சொல்லி, தான் அதிக நேரம் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேச்சை யாரும் தூண்ட வேண்டியிருக்காது.

கேள்விகளும் வரைபடம் மாதிரி கண்ணுக்குத் தெரிகிறவையாக இருக்கட்டும். கதையில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார்? காசு யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது, யார் உறவுமுறையால் மட்டும் அழைக்கப்படுகிறார்? கடைசியில் சாப்பிடுவது யார்? "இந்தக் கதை சொல்லும் நீதி என்ன?" என்று கேட்டால் பதினைந்து பேரும் பத்தாம் வகுப்புக்குத் திரும்பிப்போய், உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். எல்லாரும் ஒருமுறை பேசும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது, ஆளுக்கு ஒரு நிமிடம். இந்த ஒரு விதியைக் கறாராகப் பிடியுங்கள், மற்றதில் தளர்ந்தாலும் பரவாயில்லை.

ஒரு சரிவு நிச்சயம் வரும். அரை மணி நேரத்தில் பேச்சு மாமியார் கொடுமைக்குப் போய்விடும். அதைத் தடுக்காதீர்கள், ஆனால் கதைக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். மூத்தவளுக்குச் சமையலறை அதிகாரத்தைத் தவிர வேறு எந்த அதிகாரத்தை அந்த வீடு கொடுத்தது, அதை அவள் ஏன் இறுக்கிப் பிடிக்கிறாள் என்று கேளுங்கள். இந்தக் கதை அந்தக் கேள்விக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னிடம் வைத்திருக்கிறது.

மூன்றாவது மாதம் ஒரு கட்டுரை எடுக்கலாம். பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் சொத்துரிமை பற்றிய பகுதி சிறியது, வாதமாக எழுதப்பட்டது, சத்தமாகப் படிக்க ஏற்றது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு அறையில் கிளம்பும் கேள்வி இலக்கியக் கேள்வியாக இருக்காது, "அப்போ எனக்குப் பங்கு உண்டா?" என்பதாக இருக்கும். அதற்குத் தயாராகப் போக வேண்டும். இந்து வாரிசுரிமையில் தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. ஆனால் 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் இந்தக் கல்யாணத் தேதிக் கணக்கு இல்லை. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். உயில் இல்லாமல் போனால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும், அவருடைய அம்மா இருந்தால் அவருக்கும் சமபங்கு. இதெல்லாம் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு. வட்டத்தில் இருக்கும் முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்களுக்குச் சட்டம் வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் அந்த மாலை முழுவதும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதைவிட முக்கியமான ஒரு தாள் உண்டு: சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரம். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா" என்று அண்ணன் தம்பிகள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வாங்குவது பெரும்பாலும் இதைத்தான். பெயர் விவரங்களை மறைத்த ஒரு பிரதி கிடைத்தால் அதையும் அன்று சத்தமாகப் படியுங்கள். சட்டத் தமிழில் ஒரு பெண் தன் பங்கை "மனப்பூர்வமாக" விட்டுக்கொடுப்பது காதில் விழும்போது, பெரியாரின் பகுதி இன்னொரு முறை புரியும்.

தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' (1992) வட்டத்தில் படிப்பதற்கென்றே பேசப்பட்டது போன்ற மொழி, உங்கள் ஊருக்குப் பக்கத்து மண்ணும்கூட. ஆனால் அதில்தான் வட்டங்கள் மோசமாகத் தடுமாறுகின்றன. வேறு சாதியைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பேச்சை நடித்துக் காட்டிப் படிப்பார், சிலர் சிரிப்பார்கள். அல்லது வட்டத்தில் இருக்கும் தலித் பெண்ணைத் திரும்பிப் பார்த்து "உங்க பக்கத்துலயும் இப்படித்தானா?" என்பார்கள். இரண்டையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கேள்வியை எதிர்ப்பக்கம் திருப்புங்கள்: இதில் வரும் மேல்சாதிக்காரர்களில் யாரை உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? அன்றைக்கு அமைதி நீளும், பரவாயில்லை. ஐந்தாவது மாதத்துக்கு முன்னால் இதை எடுக்காதீர்கள்.

கவிதைக்கு, யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் கொண்டுவந்த 'சொல்லாத சேதிகள்' இருக்கிறது. சேர்ந்து படித்துப் பேசிய பெண்கள் போர்க்காலத்தில் கொண்டுவந்த சிறிய தொகுப்பு. ஒரு கவிதையை மூன்று குரலில் மூன்று முறை படியுங்கள், பிறகு பேசுங்கள்.

நாவல் ஏழாவது மாதத்துக்கு. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' உங்கள் மாவட்டத்து உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது, தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய்க் கேட்டு எழுதியது. முழுவதையும் படிக்க முயலாமல், நாலு அமர்வுக்கு நாலு பகுதியைத் தேர்ந்தெடுத்து, இடையில் நடப்பதை ஒருவர் வாயால் சொல்லட்டும். வட்டத்தில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள் அல்லவா? கங்காணி, கூலி, முன்பணம் பற்றி வரும் இடங்களில் அவர்கள் பேசட்டும், நீங்கள் குறிப்பு எடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவுக்கு நூலகத்தின் பெயரையே வையுங்கள். பல வீடுகளில் போன் ஒன்றுதான், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நேரமும் இடமும் மட்டும் போகட்டும். அறையில் பேசியதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம், படமும் வேண்டாம். யாராவது தன் வீட்டில் அடி நடப்பதைச் சொன்னால் வட்டம் பஞ்சாயத்து பேசக் கூடாது, "அனுசரிச்சுப் போ" என்று சொல்ல விடவும் கூடாது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் மட்டும் தனியாகப் பேசி, அவர் விரும்பினால் பெண்கள் உதவி எண் 181ஐயும், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரையும் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அதற்கு 15100. இந்த இரண்டு எண்களையும் கூடத்தின் சுவரில் ஒட்டாமல் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எழுதிக்கொள்ள முடிகிற இடம் அதுதான்.

நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அடுத்த மாதத்துக்கு இரண்டு கதைகளின் முதல் பத்தியை மட்டும் படித்துக் காட்டிக் கை தூக்கச் சொல்லுங்கள். தேர்வு உங்களுடையதாக இருக்க வேண்டாம். அஜ்மீர்க் கதையை எந்தப் பக்கத்தில் பிரிக்கலாம் என்று குறித்த பிரதியை இந்த வாரமே தபாலில் அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் தோழிகள்