கச்சான் ஓயுமுன் மகளுக்கு ஒரு கடிதம்

ஆரையம்பதி
புரட்டாதி

அன்புள்ள மகளுக்கு,

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று இன்னும் இரண்டு மூன்று கிழமைக்குள் தளர்ந்துவிடும். மறுகா ஐப்பசி இடிமழை, அதற்குப் பின்னால் கார்த்திகை அடைமழை. நீ அம்பாறைக்கு வேலைக்குப் போனதிலிருந்து கச்சானை மட்டும்தான் கண்டிருக்கிறாய். அந்த 60 கிலோமீற்றர் பாதைக்கு மாரியில் முகமே மாறிவிடும். வெள்ளி பின்னேரம் வருவதும் திங்கள் விடியப் போவதும் ஸ்கூட்டரில்தான் என்று நீ முடிவெடுத்துவிட்டாய். அதை நான் மறிக்கவில்லை. ஆனால் வண்டியில் இப்போதே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எந்த இடத்தில் நின்று திரும்பி அறைக்கே போக வேண்டும் என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கச்சான் காலம் முழுக்க வண்டி புழுதியைத்தான் தின்றிருக்கும். எயார் பில்டரைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். அது ஒயில் தடவிய கடதாசி பில்டர். காற்றடித்துத் துப்புரவு செய்தால் புழுதி இன்னும் உள்ளே அடையுமே தவிர வெளியே வராது, ஆகவே புதிதுதான் போட வேண்டும். புறப்படும்போது வண்டி உதறுகிறது என்று சொன்னாயே, அது இடது பக்க பெல்ட் கவருக்குள் புழுதி ஏறிக் கிளச் சூவில் படிந்திருப்பதன் அறிகுறி. கவரைத் திறந்து துடைத்து, பெல்ட்டின் பற்களுக்கு இடையில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும். வெடித்த பெல்ட் வெயிலில் தாக்குப்பிடித்தாலும் நனைந்ததும் வழுக்கும்.

ரயர் காற்றை விடியற்காலையில், ஓடுவதற்கு முன்னர் பார். முன்னுக்கு 22 பிஎஸ்ஐ, பின்னுக்குத் தனியே என்றால் 29, ஆளேற்றினால் 36. அம்பாறை மத்தியான வெயிலில் ஓடிவந்து அளந்தால் கூடத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிட்டால் அடுத்த நாள் காலை ரயர் சப்பையாக இருக்கும், மழைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகாது. ரயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மழைக்கு அந்த ரயர் உதவாது.

காற்றைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளி பின்னேரம் அம்பாறையிலிருந்து சம்மாந்துறை தாண்டிக் காரைதீவு வரைக்கும் கச்சான் உன் முதுகில் அடிக்கும். வேகம் கூடுவது தெரியாது, பிறேக் பிடிக்கும்போதுதான் தெரியும். காரைதீவில் வடக்கே கிறுகியதும் அதே காற்று இடது விலாவில் வந்து மோதும். வீடும் மதிலும் மறைக்கிற இடத்தில் ஒன்றும் இராது. மறைப்பு முடிந்து வெளி தொடங்குகிற இடத்தில் ஒரே தள்ளாகத் தள்ளும். கல்லாற்றுப் பாலத்தடியில் இதைக் கவனி. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தால் காற்று உன்னைத் தள்ள, நீ ஹாண்டிலைத் தள்ளுவாய். கையைத் தளர்த்தி, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, வேகத்தை 40க்குக் குறைத்து ஓடு. திங்கள் திரும்பிப் போகும்போது அதே காற்று வலது பக்கமிருந்து வரும், பஸ் உன்னைக் கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்று மறுபடி அடிக்கும். அப்போது தெருவோரத்து மணலுக்குள் இறங்கிவிடாதே.

நீ வரும்போதும் போகும்போதும் அம்பாறைக்கும் காரைதீவுக்கும் இடையில் சூரியன் உன் முதுகுப் பக்கம். உனக்கு வழி நன்றாகத் தெரியும். எதிரே வருகிறவனுக்கு வெயில் கண்ணில் குத்தும், நீ தெரியமாட்டாய். பகலிலும் முன் லைற்றைப் போட்டுக்கொண்டே ஓடு.

சூட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்கு அது பழகிவிட்டது. புறப்படுமுன் அரை லீற்றர் தண்ணீர், கல்முனையில் நின்று இன்னும் அரை லீற்றர். முழுக்கைச் சட்டை வெயிலுக்குத்தான், கழற்றாதே. தலையிடித்து, தலை சுற்றினால் நிழலில் படுத்து, ஒரு பக்கற் ஜீவனியை (உப்புச்சீனிக் கரைசல் தூளை) ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடி. வியர்வை நின்று கண் சொருகினால் ஜீவனியோடு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல். அன்றைக்கு மேற்கொண்டு ஓட வேண்டாம்.

சிறுபோக நெல் இன்னும் சில இடங்களில் தெருவில் காய்கிறது. நெல்மணி உருண்டை அல்ல என்றாலும் ரயருக்குக் கீழே பெயாரிங் குண்டு போலத்தான் உருளும். அதற்கு மேலே பிறேக் பிடிக்காதே, திருப்பாதே, நேராக உருளவிட்டுக் கடந்து போ. நெல் காயப்போட்ட படங்கு விரிப்பு பறக்காமல் வைத்த கல்லுகளை நெல்லை அள்ளிய பிறகும் தெருவோரத்தில் விட்டுப் போயிருப்பார்கள். இருட்டில் அவைதான் ஆபத்து. பெரும்போக விதைப்புத் தொடங்கினால் உழவு இயந்திரச் சில்லுகள் வயல் சேற்றைக் கட்டி கட்டியாகத் தெருவில் கொட்டிப் போகும். காய்ந்த சேறு புழுதிதான், நனைந்த சேறு சவர்க்காரம்.

முதல் மழையை நம்பாதே. மாதக்கணக்கில் தெருவில் படிந்த ஒயிலும் ரயர்த் தூளும் தூறலில் மேலே மிதக்கும். நன்றாகப் பெய்து கழுவும் வரைக்கும், ஒரு கால் மணி நேரம், கடை ஓரமாக நில். ஐப்பசி மழை பெரும்பாலும் பின்னேரத்தில் இடியோடுதான் வரும், அது நீ வருகிற நேரம். சம்மாந்துறைக்கும் காரைதீவுக்கும் இடையில் வயல்வெளியில் உயரமான பொருள் நீயும் உன் ஹெல்மெற்றும்தான். ரப்பர் ரயர் மின்னலைத் தடுக்கும் என்பது பொய்க் கதை. சம்மாந்துறையில் நிற்கும்போதே இடி கேட்டால் கட்டடம் ஒன்றுக்குள் போ, தனி மரத்துக்குக் கீழே ஒதுங்காதே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்துத்தான் வெளியே வர வேண்டும்.

இனித் தண்ணீர். இதை இரண்டு தரம் வாசி.

சம்மாந்துறைக்கும் காரைதீவுக்கும் இடையில் மாவடிப்பள்ளிப் பக்கம் தெருவுக்குக் குறுக்கே வெள்ளம் ஓடும். மேலே மழை பெய்து குளங்கள் நிரம்பி வான் பாய்ந்தால், உன் தலைக்கு மேல் வெயில் எறிக்கும்போதும் அங்கே தண்ணீர் ஏறும். 2024 நவம்பரில் அந்த இடத்தில் வெள்ளம் ஓர் உழவு இயந்திரத்தையே புரட்டியது. மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் இறந்துபோனார்கள். உன் ஸ்கூட்டர் நூறு கிலோ சொச்சம். ஓடுகிற தண்ணீர் கணுக்காலுக்கு மேல் என்றால் ஆளையே சறுக்கி விழுத்தும், ஸ்கூட்டரோ பக்கப்பாட்டில் பலகைபோல் அகன்றது, தண்ணீர் தள்ள நல்ல வாட்டம். தண்ணீர் மேலால் ஓடவிடும் தாழ்ந்த பாலமான தாம்போதியின் சீமெந்தில் பாசி வேறு. ஆகவே தெருவுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவு என்று பார்க்கவே வேண்டாம், திரும்பிவிடு. கிட்டங்கியால் சுற்றி வரலாம் என்று ஆரும் சொன்னால் கேட்காதே, அந்தத் தாம்போதியும் மாரியில் மூழ்குவதுதான். புறப்படுமுன் 117க்கு எடுத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தில் விபரம் சொல்வார்கள். ஒரு கிழமை நீ வராவிட்டால் அம்மா மீன் குழம்பை அடுத்த கிழமை வைப்பாள்.

ஓடாமல் நிற்கிற தண்ணீருக்குத்தான் அளவு. உன் வண்டிக்கு 10 அங்குலச் சில்லு. அச்சு நிலத்திலிருந்து 21 சென்ரிமீற்றர் அளவில் இருக்கிறது. பெல்ட் கவர் அதைவிடக் கீழே தொடங்குகிறது. 15 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் இறங்காதே. முன்னால் போகிற மோட்டார் சைக்கிளைப் பார். அதற்கு அச்சுவரை தண்ணீர் என்றால் உனக்குக் கால் தட்டை மூடிவிடும். இறங்கினால் தெரு நடுவால், நடக்கிற வேகத்தில், அக்சிலேற்றரை விடாமல் ஒரே அளவில் பிடித்து, வேகத்தைப் பின் பிறேக்கால் குறைத்து ஓடு. அக்சிலேற்றரை விட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும். வெளியே வந்ததும் ஐம்பது மீற்றருக்குப் பிறேக்கை இலேசாக அழுத்தியபடி ஓடினால் டிறம்முக்குள் பிறேக் சூ காயும். அதற்கு முன்னர் பிறேக் இல்லை என்றே நினைத்துக்கொள். எஞ்சின் இரைந்தும் வண்டி நகராவிட்டால் பெல்ட் நனைந்திருக்கிறது, கொஞ்சம் பொறு.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்ராற்றரைத் தொடவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்ரனால் அதை நசுக்க முடியாது, கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு கரைக்கு வா. எயார் பில்டர் பெட்டிக்குக் கீழே தொங்கும் சிறு குழாயின் மூடியைக் கழற்று. தண்ணீர் வடிந்தால் பில்டரும் நனைந்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் துவாரத்துக்கு நேரே முகத்தை வைக்காமல் பத்துப் பதினைந்து தரம் கிக்கரை மிதி, தண்ணீர் பீறிக்கொண்டு வரும். ஒயில் கம்பியை இழுத்துப் பார். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் ஸ்ராற் பண்ணக் கூடாது. 10டபிள்யூ-30 ஒயில் 700 மில்லிலீற்றர் மாற்றி, சில நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்துப் புதிதாக விட வேண்டும். பின் சில்லடியில் கியர் ஒயில் 120 மில்லிலீற்றர்தான், ஆனால் அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். தண்ணீர் கலந்த கியர் ஒயிலோடு ஓடினால் உள்ளே பெயாரிங் துருப்பிடித்து ஊளையிடத் தொடங்கும்.

வாவியோர வெள்ளம் உப்புக் கலந்த தண்ணீர். மட்டக்களப்புப் பக்கம் கடற்காற்றும் உப்புத்தான். வீட்டுக்கு வந்த அன்றே கிணற்றுத் தண்ணீரால் கழுவி, பிறேக் கை முளைகளுக்கும் கேபிள் முனைகளுக்கும் ஒயில் விட வேண்டும். பிறேக் பிடித்து விட்ட பிறகு கை மெதுவாகத் திரும்பினால் டிறம்மின் காம் துருப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மழைக்கோட்டு காற்சட்டையும் சட்டையுமாக இரண்டு துண்டாக வாங்கு, வெளிர் மஞ்சள் நிறத்தில். போர்வை மாதிரியானது வாடைக்காற்றில் பாய்போல் விரியும், பின் சில்லுக்குள்ளும் போகும். ஷோலை அதற்குள் செருகிக் கட்டு. ஹெல்மெற் கண்ணாடிக்கு உள்பக்கமாக ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவித் துடைத்தால் மூச்சுப் புகை படியாது. கறுப்புக் கண்ணாடியை மாரிக்குக் கழற்றிவிடு. தை மாதம் விடியப்புறம் வயல்வெளியில் பனிப்புகார் இறங்கும், அப்போது லைற்றைக் கீழ் வெளிச்சத்தில் போடு. மேல் வெளிச்சம் புகாரில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும்.

வருகிற வெள்ளி பிறேக் கையை முழுதாக அழுத்தி, சில்லடியில் இருக்கிற அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பு. அடையாளத்தைத் தொட்டிருந்தால் சனிக்கிழமை சூ இரண்டும் மாற்றுவோம். தொடாவிட்டால் கை 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆடும்படி நட்டை இறுக்கினால் போதும். எயார் பில்டரும் கியர் ஒயிலும் நான் வாங்கி வைக்கிறேன். பெல்ட் நம்பரைப் பழைய பெல்ட்டில் பார்த்துத்தான் வாங்க வேண்டும், ஆகவே அது சனிக்கிழமை.

அன்புடன்
அப்பா